இரண்டாவது கையெழுத்து

கிராம ஊராட்சியின் பணத்தை எடுக்க ஒரு கையெழுத்து போதாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 188ஆவது பிரிவின்படி, ஊராட்சி நிதிக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்கட்டும் என்பது இதன் நோக்கம். உள்ளாட்சியில் கண்காணிப்புக்கு இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு வேறு வேலை செய்கிறது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஊர்த்தெருக்காரர்கள் என்றால் துணைத் தலைவரும் ஊர்த்தெருவிலிருந்தே வருவார். காலனியிலிருந்து வந்த தலைவர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவது கையெழுத்துக்காக ஒரு வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் கையெழுத்து வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பழுது பார்த்தவருக்குக் கூலி கொடுக்க முடியாது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது. இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடங்களோடு வரும் பெண்கள் தலைவர் வீட்டு முன்னால்தான் நிற்பார்கள். துணைத் தலைவரை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்து, 'தலைவர் செயல்படவில்லை' என்று ஆட்சியருக்கு மனு போகும். மாவட்ட ஆட்சியர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். அவசர அதிகாரம் தரும் 203ஆவது பிரிவைப் பயன்படுத்திக் காசோலை அதிகாரத்தைத் தலைவரிடமிருந்து எடுத்து அலுவலர்களிடம் கொடுப்பது வழக்கமாக நடக்கிறது. அதற்கும் மேலே 205ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி தலைவரையே பதவியிலிருந்து நீக்கலாம்.

205இன் நடைமுறையைக் கவனியுங்கள். ஆட்சியர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் நிறைவாக இல்லையென்றால் வட்டாட்சியர் ஊராட்சி உறுப்பினர்களைக் கூட்டி அவர்களுடைய கருத்தைப் பதிவு செய்வார். பிறகு ஆட்சியர் முடிவெடுப்பார். கையெழுத்தை நிறுத்தி வைத்தவர்களும் கருத்துச் சொல்லும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். கையெழுத்துக் கிடைக்காதவர் குற்றவாளியாக நிற்பார். கிராம சபையில் வாக்களிக்கும் மக்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்களும் 860 கிராம ஊராட்சிகளும் உள்ளன. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். அந்த விகிதத்துக்கு ஏற்பத் தலைவர் பதவிகள் ஒதுக்கப்படுகின்றன. பதவியில் இருந்தவர்களிடம் பேசினால் பலரும் சொல்வது ஒன்றுதான்: வேலை எடுக்கும்போது அவர்களை யாரும் தேடுவதில்லை, கணக்குக் கேட்கும்போது மட்டும் அவர்கள் தலைவர் ஆகிவிடுகிறார்கள்.

பதவிக்குக் கொடுத்த விலை

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாட்டில் 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்பாளர்கள் விலகினார்கள், வாக்குப்பதிவு நாளில் வன்முறை நடந்தது. கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று முருகேசன் தலைவரானார். ஆறு மாதம்தான். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வந்தபோது அவரும் அவருடன் இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவர்களில் மூவர் 2008இலும் 13 பேர் 2019 நவம்பரிலும் முன்விடுதலை ஆனார்கள்.

ஒரு கிராமத்துத் தலைவர் பதவிக்கு இவ்வளவு ரத்தம் ஏன்? ஊராட்சி என்பது வெறும் நாற்காலி இல்லை என்பதால்தான். ஏரி மீன் குத்தகை, புளியமர ஏலம், புறம்போக்கு, குழாய் இணைப்பு, வீட்டு வரி, வேலை ஒப்பந்தம் என்று ஊரின் பொதுச் சொத்து முழுவதும் அந்த மேசைக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாக யாரும் கணக்குக் கேட்காத சொத்து அது. அதற்கான பதிவேடுகள் காலனிக்காரர் கையில் போகின்றன என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் அதே காலத்தில் வேறு வழி கையாளப்பட்டது. தேர்தலே நடக்க விடவில்லை. நடந்தால், வென்றவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்தார். பத்தாண்டு கழித்து, 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் அமர முடிந்தது.

கத்தி இப்போது அரிதாகத்தான் வெளியே வருகிறது. அதன் இடத்தை நாற்காலி, சாவி, கையெழுத்து ஆகியவை பிடித்துக்கொண்டன. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து ஆட்சியரே வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வெளியானது. வழக்கும் கைதும் அதன் பிறகு வந்தன. 2022இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்து, நாற்காலியும் கொடியேற்றும் உரிமையும் மறுக்கப்பட்ட தலைவர்களைப் பதிவு செய்தது. பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று அந்த ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டு நிறைவடைந்த நேரம் அது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவர்களுடைய பணியைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் அதன் 3(1)(எம்) பிரிவின்படி தனிக் குற்றம். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் வழக்கு என்று நம் ஊர்களில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணமில்லாமல் கையெழுத்தை மறுத்து ஊராட்சியை முடக்குவதையும் இந்தப் பிரிவின் கீழ் புகாராகக் கொண்டுபோகலாம். அதற்குச் சான்று வேண்டும். எந்தத் தேதியில் எந்தக் காசோலை அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பியது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

நீக்குவதற்கு மட்டும் வேகம்

நிர்வாகமும் இந்த விளையாட்டில் பங்கெடுப்பது உண்டு என்பதை உச்ச நீதிமன்றமே கண்டிருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலம் ஜஷ்பூர் மாவட்டத்தில் சோனம் லக்ரா என்ற 27 வயதுப் பெண் ஒரு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். கட்டுமான வேலை தாமதமானது என்று சொல்லி 2024 ஜனவரியில் அவரை நீக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அவரை அலைக்கழித்ததற்காக ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர்களை அதிகாரிகள் தங்களுக்குக் கீழ்ப்பட்டவர்களாக நடத்தும் போக்கையும் கண்டித்தது.

கட்டுமான வேலை தாமதமாவதற்குப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், நிதி வரும் நேரம், மழை என்று பத்துக் காரணம் இருக்கும். பத்துப் பேரிடம் கேட்க வேண்டிய கணக்கை ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது தண்டனையாகிவிடுகிறது.

அப்படியானால் நம் தலைவரைக் கேட்கக் கூடாதா?

இந்தக் கேள்வியைக் கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் என் பதில். காலனியின் சுடுகாட்டுப் பாதைக்கு வந்த பணத்தை யார் தின்றாலும் அது காலனியின் பணம்தான். தின்றவர் நம் சாதிக்காரர் என்பதால் பாதை போட்டதாகிவிடாது. ஊர்ப் பெரியவர் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஐந்தாண்டை ஓட்டிய தலைவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் நமக்குப் புரிகிறது. அதற்காக அவர்கள் கையெழுத்திட்ட பில்களைப் பார்க்காமல் விட்டுவிட முடியாது.

தலைவரைக் கேட்கும் அதே நாளில், அதே இடத்தில், அதே பதிவேட்டை வைத்துக்கொண்டு துணைத் தலைவரையும் செயலரையும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துப் பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் கேட்க வேண்டும். அதற்கான இடம் ஆட்சியர் அலுவலகத்து மனுப் பெட்டி அல்ல, கிராம சபைதான்.

கிராம சபையைப் பற்றிப் பேசினால் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பள்ளிப் பாடத்திலும் அது உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலை விதிகள் அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது என்று அதில் இருக்கிறது. இன்றைக்கும் தேவைப்படும் விதிதான். ஆனால் அந்தச் சபை பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. போட்டியிட வரி கட்டும் நிலம் வேண்டும், வேத அறிவு வேண்டும். நிலத்தில் உழைத்தவர்களுக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாக வைக்காமல் தனிமனிதரை வைத்ததற்காக மகிழ்வதாகச் சொன்னார். நம் முன்னோர் அந்தக் கிராமங்களின் ஓரத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தெரிந்து பேசிய பேச்சு அது. இன்றைய கிராம சபை அரசியல் சட்டம் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சோழர் காலப் பெருமையை வைத்து நமக்கு எந்த உரிமையும் வரவில்லை, இந்தச் சட்டத்தை வைத்துத்தான் வந்தது.

சபை எங்கே கூடுகிறது?

சட்டப்படி கிராம சபைதான் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருகிறது. முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையைப் பார்க்கிறது. எல்லா வேலைகளின் முன்னேற்றத்தையும் ஆய்வு செய்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை கூடிக்கொண்டிருந்த சபை, இப்போது மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளிலும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்.

எங்கே கூட வேண்டும் என்பதற்கும் அரசின் அறிவுரை உண்டு. ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. இந்த இரண்டு வரிகளும் நமக்கு மிக முக்கியம். மாரியம்மன் கோயில் முன் மண்டபத்தில் சபை கூடினால், அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாதவர் அங்கே வந்து என்ன கணக்குக் கேட்பார்? இது பழைய கதை இல்லை. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போனது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதுவும் ஆட்சியரும் காவல் துறையும் துணை நிற்க வேண்டியிருந்தது. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: காலனியில் கடைசியாக எப்போது கிராம சபை நடந்தது? நடக்கவே இல்லையென்றால் அடுத்த கூட்டத்தைக் காலனியில் நடத்தச் சொல்லி எழுத்து மூலம் மனு கொடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும் வர வேண்டும். வராவிட்டால் குறைவெண் வரம்பு இல்லை. பல ஊர்களில் கூட்டம் முடிந்தபின் வருகைப் பதிவேடு தெருத்தெருவாக வரும். தேநீர்க் கடையிலும் களத்துமேட்டிலும் கையெழுத்து வாங்குவார்கள். அப்படிப் போடும் கையெழுத்தும் ஓர் இரண்டாவது கையெழுத்துதான். என்ன தீர்மானம் எழுதியிருக்கிறார்கள் என்றே தெரியாமல் நாம் அதற்கு ஒப்புதல் தருகிறோம். கூட்டத்துக்கு வராதவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுகூட ஒரு கண்காணிப்புதான்.

கையில் காகிதம் வேண்டும்

ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கோட் கிரானா என்ற ஊரில் பொது விசாரணை நடத்தியது. ஊராட்சியின் கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள், அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்றார்கள். கட்டி முடித்ததாகப் பில் போட்ட கட்டடம் முடியாமல் நின்றது. அங்கே தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சமூகத் தணிக்கையை நம் ஊர்களுக்கும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கான சமூகத் தணிக்கைச் சங்கம் 2013இல் அமைந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள், தங்கள் பெயரைப் பட்டியலில் யாரோ ஒருவர் படிக்கக் கேட்டதும் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். நம் காலனிகளில் இன்று ஒவ்வொரு தெருவிலும் கல்லூரி போகும் பிள்ளை இருக்கிறது. படிக்க ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

என்னென்ன கேட்கலாம்? கிராம சபையில் படிவம் 30 என்ற வரவு செலவுக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைப் படிக்கச் சொல்லுங்கள். 'அதெல்லாம் ஆபீசுல இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று கட்டி வைக்கப்பட்டது. அதில் காலனிக் குழாய்க்கு எவ்வளவு, காலனி வாய்க்காலுக்கு எவ்வளவு என்று தெருவாரியாகக் கேளுங்கள். ஊர்த்தெருவுக்குச் சிமென்ட் சாலை, காலனிக்கு மண் சாலை என்று தலைவரையோ அதிகாரியையோ திட்டிப் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த நிதியில், எவ்வளவு மீட்டர் என்று காகிதத்தில் வந்துவிட்டால் அதை யாராலும் மறுக்க முடியாது.

சபையில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்குப் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் முப்பது நாளில் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு தொண்ணூறு நாளில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம். நகல் கேட்பதோடு நிற்க வேண்டாம். நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும் சிமென்ட், மணல் மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. தனியாக மனு போடாதீர்கள். நான்கு தெருக்காரர்கள் நான்கு மனு போட்டால் யாரை மிரட்டுவது என்று தெரியாமல் போகும்.

திருவண்ணாமலை நகரம் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. நகரத்தில் கிராம சபை இல்லை. ஆனால் 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானோர் நடந்து போனபின், விடியற்காலையில் குப்பை அள்ளுபவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்காக ஒப்பந்தத்தில் ஒதுக்கிய கூலி எவ்வளவு, கையில் கிடைப்பது எவ்வளவு என்பதும் பகுதி சபையில் கேட்க வேண்டிய கணக்குதான்.

தலைவர் இல்லாத காலம்

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இதற்கு முன்னும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. தலைவர் இல்லாத காலத்தில் யாரைக் கேட்பது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். தலைவரின் பதவிக்காலம்தான் முடிகிறது, கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. தனி அலுவலர் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். அவருடைய மேசையில் இருப்பதும் அதே பதிவேடுகள். காலனித் தலைவரிடம் ஓங்கிய குரலில் கணக்குக் கேட்ட ஊர்க்காரர்கள் தனி அலுவலரிடமும் அதே குரலில் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால், அவர்கள் அன்று கேட்டது கணக்கே இல்லை என்பது விளங்கிவிடும்.

தேர்தல் வந்து மறுபடியும் ஒதுக்கீட்டில் ஒருவர் தலைவராவார். பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார், பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால். அவர் பதவியேற்கும் நாளில் மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் அனுப்பும் ஒவ்வொரு காசோலையும் திரும்பி வரும் தேதியை எழுதிவைக்க அருகில் ஒரு மாணவர் இருக்கட்டும். சபையில் அவர் கணக்கைப் படிக்கும்போது முன்வரிசையில் காலனிப் பெண்கள் உட்கார்ந்து கேட்கட்டும். தவறு இருந்தால் அவரையே முதலில் கேட்கட்டும். இரண்டாவது கையெழுத்தை மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்ற காரணத்தையும் அதே சபையில், தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கட்டும். அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று இன்றே நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.